வளரும் முட்டை வாத்துகளுக்கு நுண் தாதுச் சத்துகள்

ஏரிப் பாசனப் பகுதிகளுக்கும் காவிரிப் படுகைக்கும் வாத்து வளர்ப்பு புதியதன்று. அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டத்தை இறக்கி, சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் மேயவிட்டு, முட்டையை விற்று வாழும் குடும்பங்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் பகுதிகளில் இன்றும் உள்ளன. அவர்களுடைய வாத்துகளுக்குத் தாதுக் கலவை என்று எவரும் எதையும் கொடுத்ததில்லை. அவ்வாத்துகள் கால் கோணாமல் வளர்ந்தன, முட்டையும் இட்டன.

இதைக் கண்டு, "நாட்டு முறையில் வளர்ந்த வாத்துக்கு இல்லாத தேவை என் கொட்டகை வாத்துக்கு மட்டும் ஏன்?" என்று உழவர்கள் கேட்பது இயல்பு. நியாயமான கேள்விதான். மேய்ச்சல் வாத்து ஒரு நாளில் பல வயல்களைக் கடக்கிறது. சேற்றை அலகால் அலசி நத்தை, சிறு நண்டு, பூச்சி, பாசி, களை விதை, மண் ஆகியவற்றை உட்கொள்கிறது. மாங்கனீசும் துத்தநாகமும் இரும்பும் அயோடினும் இவற்றின் வழியாக அதற்குச் சிறிது சிறிதாகக் கிடைத்துவிடுகின்றன. வீட்டருகே கொட்டகையில் ஐம்பது அல்லது நூறு பெட்டை வாத்துகளை அடைத்து வளர்க்கும்போது இந்தக் கதவு மூடப்படுகிறது. நீங்கள் தொட்டியில் போடுவது மட்டுமே அதன் உலகம். தொட்டியில் இல்லாத சத்து அந்த வாத்துக்கு எங்கும் இல்லை.

இதில் வருமானம் அடங்கியிருக்கிறது. நன்கு பராமரிக்கப்படும் காக்கி கேம்பல் இன வாத்து ஆண்டுக்கு 300 முட்டை வரை இடக்கூடியது. பத்து வாரத்தில் கால் திரும்பிப்போன பெட்டை, அந்த முட்டைகளில் ஒன்றையும் இடப்போவதில்லை. அதுவரை அது தின்ற தீவனமும் வீண். கால் நேராக இருந்தும் உள்ளுக்குள் சத்துக் குறைவோடு வளர்ந்த பெட்டையோ, தாமதமாக முட்டைக்கு வந்து, ஓடு மெலிந்த முட்டையை இடும். அடைக்கு வைத்தாலும் பொரிப்புக் குறையும். முதல் இழப்பு கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது என்பதால் அதுவே பெரியது.

நெற்பயிர் சொல்லும் பாடம்

நான் பயிர்த்துறையைச் சேர்ந்தவன். ஆதலால் நெல்லிலிருந்தே தொடங்குகிறேன். தழை, மணி, சாம்பல் சத்துகளைக் குறைவின்றி இட்டும் நடவு வயலில் இளம் பயிரின் இலைகள் துரு நிறமாகி வளர்ச்சி நின்றுபோவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நோயென்று எண்ணி மருந்து தெளித்தும் குணமாகவில்லை. இது நோயன்று, துத்தநாகக் குறைபாடு என்பது 1966-ஆம் ஆண்டில் பந்த் நகரில் கண்டறியப்பட்டது. அதனால்தான் இன்று எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டு இடும்படி பரிந்துரைக்கிறோம். மூட்டை மூட்டையாக உரமிட்ட வயலில், அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறு அளவான ஒரு பொருள் இல்லாததால் விளைச்சல் போயிற்று.

வாத்தின் கதையும் அதுவே. மாவுச்சத்தும் புரதமும் சுண்ணாம்பும் உடலைக் கட்டும் செங்கல் என்றால், நுண் தாதுக்கள் அதைக் கட்டும் கொத்தனின் கருவி. எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்பு ஒழுங்காக உருவாக மாங்கனீசு வேண்டும். எலும்பு நீளவும், இறகும் தோலும் சீராக அமையவும் துத்தநாகம் வேண்டும். இரத்தத்திற்கு இரும்பும் தாமிரமும், கழுத்துச் சுரப்பிக்கு அயோடினும், தசைகளுக்குச் செலினியமும் தேவை. அளவு மிகக் குறைவு. ஒரு கிலோ தீவனத்தில் மாங்கனீசு 50 மில்லிகிராம், துத்தநாகம் 60 மில்லிகிராம், தாமிரம் 8 மில்லிகிராம், அயோடின் 0.4 மில்லிகிராம், செலினியம் 0.2 மில்லிகிராம் இருந்தால் வளரும் வாத்துக்குப் போதும். இரும்பு 80 மில்லிகிராம் வேண்டும் என்றாலும், நமது தீவனப் பொருள்களிலேயே அது பெரும்பாலும் கிடைத்துவிடுவதால் அதைப் பற்றி இங்கு நீட்டி எழுதவில்லை.

உங்கள் தீவனத்தில் எது குறைவு?

எல்லாருடைய தொட்டியிலும் ஒரே சத்து குறைவதில்லை. எந்தப் பொருளை அதிகம் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கடல் தாண்டியாயிற்று.

மக்காச்சோளத்தில் மாங்கனீசு மிகக் குறைவு. கிலோவுக்குச் சுமார் 7 மில்லிகிராம்தான். 70 பங்கு மக்காச்சோளமும் 20 பங்கு சோயாப் பிண்ணாக்கும் கொண்ட தீவனத்தில் இரண்டும் சேர்ந்து தரும் மாங்கனீசு தேவையில் கால் பங்கை எட்டினாலே அதிகம். ஆகவே மக்காச்சோளத்தை நம்பி வளர்ப்பவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது மாங்கனீசைப் பற்றி.

அரிசித் தவிடு இதற்கு நேர்மாறானது. அதில் மாங்கனீசு கிலோவுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வரை இருக்கும். தீவனத்தில் கால் பங்கு தவிடு சேர்த்தாலே கணக்குப்படி மாங்கனீசுத் தேவை நிறைவேறிவிடுகிறது. ஆனால் கணக்கு வேறு, குடலில் நடப்பது வேறு. தவிட்டிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டிக் அமிலம் என்ற வடிவில் இருக்கிறது. இந்த அமிலம் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. மாங்கனீசையும் ஓரளவு பிடித்துவைக்கிறது. வாத்தின் குடலில் இந்தப் பிடியை அவிழ்க்கும் நொதி போதிய அளவில் இல்லாததால், சத்து எச்சத்தோடு வெளியேறுகிறது. தவிடும் குருணையும் போடும் வீடுகளில் ஆகவே முதற்குறை துத்தநாகம். மில் பக்கத்தில் இருப்பதால் மலிவாகக் கிடைக்கிறதே என்று தவிட்டின் அளவைக் கூட்டக் கூட்ட இந்தக் குறையும் கூடும்.

காறிப்போன தவிடு இன்னொரு கேடு. அதிலுள்ள எண்ணெய் கெடும்போது வைட்டமின் ஈ அழிகிறது. செலினியமும் வைட்டமின் ஈயும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. ஒன்று குறைந்தால் மற்றொன்றின் தேவை கூடுகிறது. கசப்பு வாடை அடிக்கும் தவிட்டை வாத்துக்குப் போடாதீர்கள். எண்ணெய் எடுத்த தவிடு கிடைத்தால் அதுவே நல்லது.

உப்பில்லாமல் உலர்த்திய சிறு மீன் துத்தநாகம், அயோடின், செலினியம் மூன்றையும் தரும் நல்ல பொருள். நூற்றுக்கு 5 அல்லது 6 பங்கு சேர்ப்பது புரதத்துக்கும் உதவும். உப்புக் கருவாட்டைப் போடுவதானால் தீவனத்தில் தனியாக உப்புச் சேர்க்கக் கூடாது. கடித்துப் பார்த்தால் கரிக்கும் கருவாட்டை வாங்காமல் இருப்பதே மேல். உப்பு மிகுந்தால் வாத்துக் குஞ்சுகள் விரைவில் மடியும்.

"அயோடின் உப்புத்தானே போடுகிறேன், அது போதாதா?" என்று கேட்கலாம். 100 கிலோ தீவனத்தில் 300 கிராம் உப்புச் சேர்க்கிறோம் எனக் கொள்வோம். அந்த உப்பில் அயோடின் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம். ஆக, ஒரு கிலோ தீவனத்துக்குக் கிடைப்பது 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. தேவை 0.4. உப்பு கைகொடுக்கும், ஆனால் கரை சேர்க்காது.

கால் கோணலும் கிளிஞ்சல் தூளும்

வாத்து நொண்டினால் நம்மில் பலர் உடனே செய்வது, கிளிஞ்சல் தூளை இன்னொரு கை அள்ளிப் போடுவது. எலும்பு என்றால் சுண்ணாம்பு என்பது நம் மனத்தில் பதிந்த எண்ணம். எலும்பு மெலிவு நோயில் இது பொருந்தலாம். மாங்கனீசு, துத்தநாகக் குறைவால் வந்த கோணலில் இதுவே நோயை வளர்க்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்தால், பைட்டிக் அமிலத்தோடும் துத்தநாகத்தோடும் சேர்ந்து கரையாத பொருளாகக் குடலில் படிந்துவிடுகிறது. சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த எலும்புத்தூளை மிகுதியாகக் கொடுத்தால் மாங்கனீசு உட்கிரகிக்கப்படுவதும் குறைகிறது. கோழிக் குஞ்சுகளில் இந்தக் கால் கோணலை மாங்கனீசு கொடுத்துத் தடுக்கலாம் என்பதை 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். அதற்கு முன் எலும்புத்தூளை ஏற்றி ஏற்றிக் கொடுத்த பண்ணைகளில் நோய் குறையவில்லை, கூடியது.

எனவே நொண்டும் வாத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாங்கனீசுக் குறைவில் கணுக்கால் மூட்டு வீங்கித் தட்டையாகிறது. மூட்டின் பின்புறமாக ஓடும் குதிநரம்பு தன் பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. கால் வெளிப்புறமாகவோ உட்புறமாகவோ முறுக்கிக்கொள்ளும். மூட்டில் சூடு இராது. வாத்து தெளிவாக விழித்துப் பார்க்கும், தீவனத்தருகே விட்டால் தின்னும். கோலின், பயோட்டின் போன்ற வைட்டமின்கள் குறைந்தாலும் இதே தோற்றம் வரக்கூடும் என்பதால், தாதுக் கலவையோடு வைட்டமின் கலவையையும் கவனிக்க வேண்டும்.

துத்தநாகக் குறைவில் கால் எலும்பு குட்டையாகவும் தடிப்பாகவும் ஆகும். கால் தோல் செதிள் செதிளாக உரியும். இறகு முனைகள் கிழிந்து, துடைப்பம் போல் நைந்திருக்கும். வயதுக்கேற்ற வளர்ச்சியும் இராது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது தாதுவே அன்று. நியாசின் என்ற வைட்டமின். வாத்துக் குஞ்சின் நியாசின் தேவை, கிலோ தீவனத்துக்குச் சுமார் 55 மில்லிகிராம். இது கோழிக்குஞ்சின் தேவையைவிட மிக அதிகம். ஆகையால் கடையில் கோழிக்குஞ்சுத் தீவனத்தை வாங்கி வாத்துக் குஞ்சுக்குப் போடுபவர்கள் வீட்டில், முதல் சில வாரங்களிலேயே குஞ்சுகளின் கால்கள் வில்லாக வளைவதைக் காணலாம். மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் அதில் பெரும்பகுதி செரிக்காத வடிவில் உள்ளது. இந்த வளைவில் மூட்டு வீங்கினாலும் குதிநரம்பு பெரும்பாலும் நழுவுவதில்லை. அதுதான் வேறுபாடு. ஈஸ்ட் தூளோ நியாசின் மிகுந்த வைட்டமின் கலவையோ தொடக்கத்திலேயே கொடுத்தால் குணம் தெரியும். இங்கே எவ்வளவு மாங்கனீசு கொட்டினாலும் பயனில்லை.

அலகும் மார்பெலும்பும் ரப்பர் போல் வளைந்தால் அது சுண்ணாம்பு, பாஸ்பரஸ், வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு மெலிவு. மூட்டு சூடாக வீங்கியிருந்தால் கிருமித் தொற்று. நேற்று வரை நன்றாக இருந்த வாத்துகளில் பல, இன்று காலையில் ஒன்றாகக் கால் இழுத்துக் கழுத்துத் தொங்கிக் கிடந்தால், தாதுக் குறைவைப் பற்றி யோசித்து நேரம் கடத்தாதீர்கள். கோடையில் வற்றிய குட்டையில் அழுகிய பொருளைத் தின்று ஏற்படும் நச்சாக இருக்கலாம். மீதி வாத்துகளை அந்த நீரிலிருந்து உடனே விலக்கிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தாதுக் குறைவு ஒரே இரவில் வருவதில்லை. அது நாள் கணக்கில், வாரக் கணக்கில் வருவது.

குதிநரம்பு நழுவிய கால் மீண்டும் நேராவது அரிது. அந்த வாத்தைக் கழித்துவிடுவதே சரி. கலவை சேர்ப்பது அதற்காக அன்று. இன்னும் நேராக நடக்கும் மற்ற வாத்துகளுக்காக.

கடையில் எதைக் கேட்பது?

இந்தச் சத்துகளைத் தனித்தனியாக வாங்கி வீட்டில் நிறுத்துச் சேர்க்க முயலாதீர்கள். செலினியத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ தீவனத்துக்குத் தேவையான செலினியம் 20 மில்லிகிராம். அதைத் தரும் சோடியம் செலினைட்டு உப்பின் எடை ஏறத்தாழ 44 மில்லிகிராம். ஒரு குன்றிமணியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு! தட்டார் தராசிலும் இதைத் திருத்தமாக நிறுப்பது கடினம். நிறுத்தாலும் 100 கிலோவில் அதைச் சீராகப் பரப்ப முடியாது. அதோடு செலினியம் கூடினால் நஞ்சு.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாசன நிலங்களின் வடிகால் நீரைக் கெஸ்டர்சன் என்ற இடத்தில் குளங்களாகத் தேக்கி வைத்தனர். மண்ணிலிருந்த செலினியம் அந்த நீரோடு வந்து சேர்ந்தது. 1983-ஆம் ஆண்டில் அங்கு கூடு கட்டிய காட்டு வாத்துகள், நாமக்கோழிகள் முதலிய நீர்ப்பறவைகளின் முட்டைகளில் கண்ணும் அலகும் காலும் சரியாக அமையாத கருக்கள் காணப்பட்டன.  கேடு முட்டைக்குள் போயிருந்தது. அடைமுட்டைக்காக வாத்து வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது, கோழித் தீவனத்துக்கான நுண் தாதுக் கலவை. வாத்துக்கென்று தனிக் கலவை பெரும்பாலான ஊர்களில் கிடைப்பதில்லை. கோழிக் கலவையே போதும். தாதுக்களைப் பொறுத்தவரை வாத்தின் தேவை கோழியினின்று அதிகம் விலகவில்லை. விலகுவது நியாசினில்தான்.

மாட்டுக்கு வைத்திருக்கும் தாது உப்புக் கலவையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அது வேண்டாம். அதில் பெரும்பங்கு சுண்ணாம்பும் பாஸ்பரஸும்தான். கறவை மாட்டின் தேவைக்காகச் செய்யப்பட்ட அதை வளரும் வாத்துக்குப் போட்டால், முன்பு சொன்ன சுண்ணாம்பு மிகுதிக் கேடே வந்து சேரும். அவ்வாறே வயலுக்கு வாங்கிய துத்தநாக சல்பேட்டையும் தீவனத்தில் கலக்காதீர்கள். பெயர் ஒன்றுதான், தரம் வேறு. உரத் தரத்தில் காரீயம், காட்மியம் போன்ற கழிவு உலோகங்கள் தீவனத்துக்கு ஏற்ற அளவைவிட அதிகமாக இருக்கக்கூடும். போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தத்தைக் குடிநீரில் போடுவதும் கூடாது. 100 கிலோ தீவனத்துக்கு வேண்டிய தாமிரம் 3 கிராம் மயில்துத்தத்தில் அடங்கிவிடும். கை அளவில் போடும்போது இரைப்பையின் உட்படலம் புண்ணாகிறது.

கலவைப் பையின் மேலுள்ள சீட்டைப் படியுங்கள். படிக்கத் தெரிந்த உழவருக்கு அதுவே பாதி நிபுணர். ஓர் எடுத்துக்காட்டு: "ஒரு கிலோ கலவையில் மாங்கனீசு 54 கிராம், துத்தநாகம் 52 கிராம்" என்று அச்சிட்டிருந்து, 100 கிலோ தீவனத்துக்கு 100 கிராம் சேர்க்கச் சொல்லியிருந்தால், ஒரு கிலோ தீவனத்துக்கு மாங்கனீசு 54 மில்லிகிராமும் துத்தநாகம் 52 மில்லிகிராமும் கிடைக்கும். தீவனப் பொருள்களில் இருப்பதோடு சேர்த்தால் தேவை நிறைவேறுகிறது. அடுத்து, எந்த உப்பில் செய்யப்பட்டது என்று பாருங்கள். சல்பேட்டு வடிவம் நல்லது. ஆக்சைடு வடிவம் மலிவு. ஆனால் தாமிர ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் பறவையின் உடலில் ஏறக்குறையச் சேர்வதே இல்லை. சீட்டில் அளவு மட்டும் போட்டு வடிவத்தைச் சொல்லாத பையை நான் வாங்கமாட்டேன்.

அமினோ அமிலத்தோடு பிணைத்த தாதுக்கள் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. பைட்டிக் அமிலத்தின் பிடியில் அவை அவ்வளவாகச் சிக்குவதில்லை என்பது உண்மை. விலை அதிகம் என்பதும் உண்மை. ஐம்பது வாத்து வைத்திருப்பவருக்கு, தவிட்டின் அளவைக் கட்டுக்குள் வைத்துச் சல்பேட்டுக் கலவையைச் சேர்ப்பதே போதும் என்பது என் கருத்து.

வளர் தீவனத்துக்கு ஒரு மாதிரி

எட்டு வாரம் முதல் முட்டையிடத் தொடங்கும் வரை கொடுக்கக்கூடிய 100 கிலோ தீவனத்துக்கு:

மக்காச்சோளம் – 45 கிலோ
எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு – 25 கிலோ
சோயாப் பிண்ணாக்கு – 14 கிலோ
குருணை – 8 கிலோ
உப்பில்லா உலர் மீன் தூள் – 6 கிலோ
கிளிஞ்சல் தூள் – 1 கிலோ
டைகால்சியம் பாஸ்பேட்டு – 500 கிராம்
உப்பு – 250 கிராம்
வைட்டமின் கலவை – 150 கிராம்
நுண் தாதுக் கலவை – 100 கிராம்

கடைசி இரண்டின் அளவு நீங்கள் வாங்கும் பையின் சீட்டைப் பொறுத்து மாறும். இதில் புரதம் சுமார் 16 முதல் 17 விழுக்காடு, சுண்ணாம்புச் சத்து ஒரு விழுக்காட்டுக்குள். வளரும் பருவத்தில் அதற்கு மேல் சுண்ணாம்பு வேண்டியதில்லை. கடலைப் பிண்ணாக்கை இதில் சேர்க்காதது தெரிந்தே செய்ததுதான். ஈரம்பட்டுப் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலுள்ள நச்சு, மற்றப் பறவைகளைவிட வாத்துக் குஞ்சை எளிதில் கொல்லும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் பெருந்தொகையாக மடிந்ததற்குக் காரணம், இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கே என்று கண்டறியப்பட்டது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அப்படிப்பட்ட தீவனத்தைத் தாதுக் கலவை நல்லதாக்கிவிடாது.

செலவைக் கணக்கிடுவோம். ஒரு காக்கி கேம்பல் வாத்து 20 வாரம் வரை தின்னும் தீவனம் சுமார் 12.5 கிலோ. 100 கிலோவுக்கு 100 கிராம் வீதம், அந்த வாத்து முட்டைக்கு வரும் வரை தின்னும் தாதுக் கலவை மொத்தமே 12.5 கிராம். ஐம்பது வாத்துக்கு 625 கிராம். ஒரு கிலோப் பை வாங்கினால் மீதம் இருக்கும்.

கலப்பதில் கவனம்

இவ்வளவு சொல்லியும் கலப்பதில் தவறினால் எல்லாம் பாழ். 100 கிராம் தூளை 100 கிலோ குவியலின் மேல் தூவி மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டினால், சில வாத்துக்கு ஒன்றும் கிடைக்காது. சிலவற்றுக்கு அளவு மீறிக் கிடைக்கும். முதலில் தாதுக் கலவையை ஒரு கிலோ மக்காச்சோள மாவில் போட்டு நிறம் ஒன்றாகும் வரை கைகளால் பிசறுங்கள். அதை ஐந்து கிலோவில் கலந்து, பிறகு 25 கிலோவில் கலந்து, அதன் பின்னரே முழுக் குவியலில் சேருங்கள். தார்ப்பாயின் மேல் வைத்து, குவியலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நான்கைந்து முறை முழுதாக மாற்றிப் போட வேண்டும். வைட்டமின் கலவையையும் இதே போல் தனியே கிலோ மாவில் பிசறிச் சேர்க்கவும். இரண்டு பைகளையும் முன்கூட்டியே ஒன்றாகக் கொட்டி வைக்காதீர்கள். சல்பேட்டு உப்புகள் ஈரத்தை இழுத்து வைட்டமின்களைக் கெடுத்துவிடும். கலந்த தீவனத்தையும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

அடுத்து, வாத்தின் குணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த மாவைத் தின்றவுடன் அது தண்ணீருக்கு ஓடி அலகைக் கழுவும். தொட்டி நீர் சற்று நேரத்தில் கூழாகிவிடும். நீரில் கரையும் தாதுக்கள் அதோடு வாய்க்காலுக்குப் போகின்றன. ஆதலால் தீவனத்தைச் சிறிது நீர் தெளித்து, பிடித்தால் பிடியாகவும் விட்டால் உதிர்ந்தும் போகும் பக்குவத்தில் பிசைந்து கொடுங்கள். அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைக்கு. மீந்த ஈரத் தீவனம் புளித்தால் எறிந்துவிட வேண்டும். புதிய துத்தநாகப் பூச்சுத் தொட்டியில் அதைப் புளிக்க வைப்பது இன்னும் கேடு, புளிப்பு பூச்சைக் கரைத்து அளவுக்கு மீறிய துத்தநாகத்தை உள்ளே சேர்த்துவிடும். தண்ணீர்த் தொட்டி வாத்தின் தலை முழுதும் அமிழும் அளவு, ஐந்து ஆறு அங்குலம், ஆழம் இருந்தால் போதும். அதற்கும் தீவனத் தொட்டிக்கும் சில அடி இடைவெளி விடுங்கள்.

அருகில் குட்டையோ நெல் வயலோ இருப்பவர்கள், பூச்சிமருந்து அடிக்காத காலத்தில் நாளுக்கு ஓரிரு மணி நேரம் வாத்துகளை மேயவிடலாம். மருந்து அடித்த வயலுக்கு, பக்கத்து வயலாக இருந்தாலும், அனுப்பக் கூடாது. மேய்ச்சல் கிடைக்கும் நாள்களிலும் கலவையின் அளவைக் குறைக்கத் தேவையில்லை. மேய்ந்த அளவுக்குத் தீவனம் தின்பது தானாகவே குறைந்துவிடும்.

முட்டைத் தீவனத்துக்கு மாறுதல்

காக்கி கேம்பல் பெட்டைகள் நான்கரை முதல் ஐந்து மாதத்தில் முட்டைக்கு வரும். நாட்டு வாத்துகள் ஒரு மாதம் அல்லது அதற்கு மேலும் பிந்தலாம். அதுவரை கட்டுப்படுத்திய சுண்ணாம்புச் சத்தை இப்போது சுமார் 3 விழுக்காடாக உயர்த்த வேண்டும். ஒரே நாளில் மாற்றாமல், கொட்டகையில் முதல் முட்டைகள் தென்பட்டதும் வளர் தீவனத்தில் முட்டைத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். எல்லாப் பெட்டைகளும் ஒரே நாளில் முட்டைக்கு வருவதில்லை. எனவே கிளிஞ்சலில் ஒரு பகுதியைத் தீவனத்தில் கலக்காமல் தனித் தட்டில் வைப்பது நல்லது. முட்டையிடும் வாத்து அதைத் தேடி வந்து தின்னும். முட்டைக்கு வராத வாத்து பெரும்பாலும் சீண்டாது. சுண்ணாம்பு கூடிய இத்தீவனத்தில் துத்தநாகமும் மாங்கனீசும் மீண்டும் நெருக்கடிக்கு உள்ளாகும் என்பதால், நுண் தாதுக் கலவையை இப்போது நிறுத்திவிடக் கூடாது. அதே 100 கிராம் தொடரட்டும்.